தகர மூக்கு

"இன்னாடா பச்சையப்பா, மூக்கறுந்த வேஷம் ஒனக்குத்தான். புடிச்சிருக்குதா?" என்றார் பண்ணையார் ஏகநாதன். எல்லோரும் சிரித்தார்கள்.

ஜூலை பதினாலு, பிரெஞ்சுக்காரர்களின் தேசிய விழாவுக்குப் பிரெஞ்சுத் துரை வருகிறாரென்று பாகூரில் சிலுவைப் போர் நாடகம். பிரெஞ்சுப் படையின் ராஜா ஏகநாதன். அந்தப் படைக்குத் துணையாக வரும் பைசாந்தியத் தளபதி, அதாவது கிழக்கு ரோமாபுரித் தளபதி, நான். அறுந்த மூக்குக்குப் பதிலாகத் தகர மூக்கு மாட்டிக்கொள்ள வேண்டும்.

போன வருஷம் ஏரித் தண்ணீரைத் தடுத்து என் நெற்பயிரைக் கருக்கியவர் ஏகநாதன். இந்த வருஷமும் தண்ணீர் விடவில்லை.

"கட்றேங்கய்யா. படைக்கு மட்டும் உங்க ஆளுங்கள்ல வாட்டசாட்டமானவங்க வேணும்."

"எல்லாரையும் இட்டுக்கினு போடா. தொரை அசந்துபோவணும்!"

விழா நாள் சாயங்காலம் மேடையில் கோட்டை முற்றுகை. படை பட்டினி கிடந்தது.

"அரசே, தானியம் கொண்டுவருகிறேன். அதுவரை ஒருவரும் அசையக் கூடாது!"

"தளபதி, உன்னை நம்பலாமா?"

"நம்புங்கள் அரசே!"

கும்பிட்டு வெளியேறினேன். கதைப்படி தளபதி திரும்பி வரமாட்டான்.

நேராக ஏரிக்கு ஓடினேன். மதகில் யாருமில்லை. இரவும் பகலும் அங்கே தடியோடு காவல் நிற்கும் தடியன்கள் அத்தனை பேரும், மேடையில் தகரக் கேடயத்தோடு, துரைக்கு முன்னால் அசையாமல் நின்றுகொண்டிருந்தார்கள்.

மதகைத் தூக்கினேன். நாடகம் முடிவதற்குள் என் வயல் வயிறு முட்டக் குடித்தது.

கிளம்பும்போது தகர மூக்கைக் கழற்றி மதகிலேயே மாட்டிவிட்டு வந்தேன். ராஜா வேஷத்தோடு ஓடிவரும் ஏகநாதனுக்கு இனி அது தேவைப்படும்.