சுவரில் ஒரு கதவு

தானியக் கிடங்கின் கூரை ஓட்டை வழியே விழும் வெயிலில் கரித்தூள் மிதக்கிறது. பழைய காலண்டர் தாள்களைக் கவிழ்த்துப் போட்டு, ஊர்ப் பிள்ளைகள் குப்புறக் கிடந்து கரித்துண்டால் அவரவர் வீட்டை வரைகிறார்கள். ஞாயிறுதோறும் பெரியவரின் மருமகள் நடத்தும் ஓவிய வகுப்பு இது. சாயங்காலம் படங்களைத் தெருவில் மாட்டப் போகிறார்களாம். வாசலில் நிற்கும் பெரியவருக்கு முகம் சிவக்கிறது. தம்பியோடு உறவை முறித்துக்கொண்டு நடு முற்றத்தில் அவர் எழுப்பிய சுவரைத் தம்பியின் பேத்தி அச்சு அசலாக வரைந்திருக்கிறாள். அதோடு விட்டாளா, அதில் ஒரு கதவையும் வைத்திருக்கிறாள். “யாரைக் கேட்டு என் சுவர்ல கதவு வச்ச?” “தெருவைச் சுத்தி வந்தா கால் வலிக்குது பெரிய தாத்தா.” பிள்ளைகள் சிரிக்கிறார்கள். “சும்மா படம்தானே மாமா,” என்கிறாள் மருமகள். “சும்மாவா? இதைத் தெருவுல மாட்டினா, நான் இறங்கி வந்துட்டேன்னு ஊரே பேசும். என் மானம் உனக்கு விளையாட்டாப் போச்சா?” யாருக்கும் வளையாத முதுகை வளைத்து, அவள் கையிலிருந்த கரித்துண்டைப் பிடுங்கி, கதவே தெரியாதபடி அழுத்தித் தேய்க்கிறார். துண்டு பொடிகிறது. வெள்ளைச் சுவரின் நடுவே கதவு கன்னங்கரேலென்று முன்னைவிட எடுப்பாக நிற்கிறது. சிறுமி தலையைச் சாய்த்து அதைப் பார்க்கிறாள். “இப்பதான் நிஜக் கதவு மாதிரி இருக்கு,” என்கிறாள். பிறகு விரலில் எச்சில் தொட்டுக் கரியின் மேல் வைத்துக்கொண்டு, அவரை நிமிர்ந்து பார்த்துக் கேட்கிறாள்: “தாழ்ப்பாளை எந்தப் பக்கம் வைக்கட்டும் பெரிய தாத்தா, உங்க பக்கமா, எங்க பக்கமா?”