சாரதாமணியின் சி.ஆர்.பி.

எதிர்வீட்டுச் சாரதாமணிக்கு முடக்குவாதம். விரல்கள் வீங்கி, காபித் தம்ளரைக்கூடப் பிடிக்க முடியாது. ரத்தத்தில் சி.ஆர்.பி. என்று ஒன்று பார்ப்பார்கள். உடம்பில் அழற்சி இருந்தால் அது ஏறுமாம். மனம் நொந்தால் நரம்பில் ஏதோ சுரந்து வீக்கத்தைக் கூட்டும், அதனால் வீட்டில் நிம்மதி வேண்டும் என்று சேலத்து டாக்டர் சொல்லியிருந்தார்.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. காரணம் மருமகள் வித்யாதான். தினமும் காலையில் சாரதாமணியிடம் போய், "மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கறா பாருங்க. தனிக்குடித்தனம் அனுப்பி உடுங்க" என்று சொல்லிவிட்டு வருவேன். அவள் மகன் மேட்டூரில் வீடுகூடப் பார்த்துவிட்டான்.

நடுவில் எருமப்பட்டியில் இருக்கும் என் மகள் வீட்டுக்குப் போனவள், ஒரு மாதம் கழித்து நேற்றுதான் திரும்பினேன். சாரதாமணி முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தாள்.

"சி.ஆர்.பி. இறங்கிருச்சுங்க அக்கா."

"மருந்த மாத்துனாங்களா?"

"அதே மாத்திரைதானுங்க."

"அப்ப மருமவ மேட்டூருக்குப் போயிட்டா."

"நான் எங்கயும் போகலீங்க பெரிம்மா" என்று அடுப்படியிலிருந்து வித்யா சொன்னாள்.

"பின்ன என்னதான் மாறுச்சு?"

மாமியாரும் மருமகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வித்யா ஒரு டப்பா நிறைய முறுக்கைப் போட்டு என்னிடம் நீட்டினாள்.

"உங்க பேத்திக்குங்க அக்கா" என்றாள் சாரதாமணி. "மறுபடி எருமப்பட்டிக்கு எப்பப் போறீங்க?"