ரோஸ் நிறச் சோப்பு

படாரென்று ரூத்தின் மேசையைத் தட்டினாள் வைஷாலி. படூர் குடியிருப்பின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையே திரும்பிப் பார்த்தது.

"வீட்ல செஞ்சேன்னு இவ விக்கிற ரோஸ் சோப்பு என்னோட ஃபார்முலா! கடையைக் காலி பண்ணச் சொல்லுங்க சார்."

"நா போவ மாட்டேன்" என்றாள் ரூத்.

குடியிருப்புச் சங்கச் செயலாளர் பார்த்தசாரதி ஆதாரம் கேட்டார். வைஷாலி தன் குறிப்பேட்டை நீட்டினாள். "ரோஸ் நிறத்துக்கு பீட்ரூட் சாறு. பாருங்க!"

"நீங்க செஞ்ச சோப்பு?" என்றார் அவர்.

வைஷாலி தயங்கியபடி எடுத்தாள். பழுப்பாக இருந்தது. "இந்தத் தடவை கொஞ்சம் கறுத்துடுச்சு…"

ரூத் சிரித்தாள். "எத்தினி தடவ செஞ்சாலும் கறுக்கும் மேடம். சோப்புல போடற காஸ்டிக் சோடாவுல பீட்ரூட் நெறம் நிக்காது, நா போடறது செம்மண்ணு. சோப்பு வாங்க வர்றப்போல்லாம் என் நோட்டயே எட்டிப் பாத்துகினு இருந்தீங்களே, அதுக்குன்னுதான் பீட்ரூட்னு எழுதி வெச்சேன்!"