குகதாசனுக்குத் தெரிந்த விலாசம்

ஒழுங்கை முனையில் நின்று ஜெயராணி கைப்பையைத் திறந்து, ஒரு பொட்டை எடுத்து நெற்றியில் ஒட்டிக்கொள்வதை அஸ்கா ஜன்னலால் கண்டாள். கிளிநொச்சியிலிருந்து பஸ்ஸில் வந்த களைப்பு, முகத்தைத் திருத்திக்கொண்டு வருகிறாள் என்று நினைத்தாள்.

"வாப்பா, அவங்க வந்திட்டாங்க. இண்டைக்காவது சொல்லிடுங்க."

பலீல் தலையை ஆட்டினார். ஆனால் எழும்பவில்லை.

வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் அந்த ஒழுங்கையில் ஓட்டு வீடென்று மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான். அவுஸ்திரேலியாவுக்குப் புறப்பட்ட ஒரு பறங்கிக் குடும்பத்திடமிருந்து பலீலின் வாப்பா ஸாலிஹ் அதை வாங்கினார். எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்தில் பக்கத்து வீட்டுத் தமிழர்கள் அதன் பின்னறையில் ஒளிந்திருந்தார்கள். பிறகு, யுத்த காலத்தில், விசாவுக்காக வடக்கிலிருந்து வந்தவர்கள் அறைக்கொரு குடும்பமாக வாடகைக்கு இருந்தார்கள். கடைசியாக இருந்தவர்கள் ஜெயராணியும் அவள் புருஷன் குகதாசனும்.

ஒரு மழை நாள் பின்னேரம், குழந்தையாயிருந்த அஸ்காவுக்கு அனலாய்க் காய்ச்சல். பலீல் பிள்ளையை மடியில் போட்டு ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். பெருந்தெருவான காலி வீதிக்குப் போய் மருந்து வாங்கி வரும்படி குகதாசனை அனுப்பியது அவர்தான். பார்மசி வாசலில் நின்ற ஒரு வான் வண்டிக்குள் யாரோ அவனை இழுத்து ஏற்றியதாகப் பிறகு சொன்னார்கள்.

ஜெயராணி கொழும்பெல்லாம் தேடி அலைந்துவிட்டு ஊருக்குப் போனாள். அதன் பிறகு ஒவ்வொரு வருஷமும் அந்த மாதத்தில் வந்து போவாள். குகதாசனுக்குக் கொழும்பில் தெரிந்த விலாசம் இது ஒன்றுதான், பிடித்தவர்கள் விடுவித்தால் இங்கேதான் வருவான் என்று பலீல் சொல்வார்.

அதற்காகவே அவர் வீட்டை உடைக்க விடவில்லை. இரண்டு பக்கமும் மாடிகள் எழும்பின. கூடப்பிறந்தவர்கள் பங்கு கேட்டு அவரோடு பேச்சை நிறுத்தினார்கள். கூரை ஒழுகிய இடமெல்லாம் அவர் மனைவி பைறோஸா வாளி வைத்தாள், ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.

இந்த வருஷம் அவருக்கு ஏலாமல் போய்விட்டது. பங்கு வழக்கில் தோற்றுவிட்டார். அடுத்த மாதம் வீட்டை உடைக்க மிஷின் வருகிறது.

ஜெயராணி ஹோலில் வந்து உட்கார்ந்தாள். அவள் எதையும் கேட்கவில்லை. வழமைபோல பலீலே தொடங்கினார்.

"இன்னம் வரல்ல மகள். ஆனா வருவாரு."

"ஓம் நானா," என்று அவரை அண்ணனாக அழைத்துச் சொன்னாள். பிறகு அவருடைய பிரஷர் எப்படி, குளிசையை ஒழுங்காகப் போடுகிறாரா, சாப்பாட்டில் உப்பைக் குறைத்தாரா என்றெல்லாம் பைறோஸாவிடம் விசாரித்தாள். கொண்டுவந்த பனங்கட்டி ஓலைக் குட்டானைத் தந்து, இதை அவருக்குக் கனக்கக் குடுக்க வேண்டாம் என்றாள்.

பலீல் அவளைக் கூட்டிப்போய் அந்த அறையைக் காட்டினார். குகதாசனின் சாரமும் இரண்டு சேர்ட்டும் கட்டிலில் மடித்தபடி இருந்தன. போன கிழமைதான் தோய்த்துக் காயப்போட்டதாகச் சொன்னார். ஜெயராணி சேர்ட்டின் கொலரைத் தடவிவிட்டு, நல்லா வச்சிருக்கிறீங்கள் என்றாள்.

பலீல் சொல்ல வாயெடுத்தார். மழையைப் பற்றிக் கதைத்தார். மறுபடி வாயெடுத்து, ரயில் நேரத்துக்கு வராததைப் பற்றிக் கதைத்தார். கடைசியில் தொழுகைக்கு நேரமாகிறது என்று எழும்பிப் பின்பக்கம் போனார். பைப்பைத் திறந்துவிட்டு அவர் அழுதது, தண்ணீர்ச் சத்தத்தையும் மீறி ஹோலுக்குக் கேட்டது. மூன்று பெண்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

பஸ் ஹோல்ட் வரைக்கும் ஜெயராணியைக் கூட்டிக்கொண்டு போனவள் அஸ்காதான். பாதி வழியில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். வீடு போகிறது. வழக்கு முடிந்த நாளிலிருந்து வாப்பா சரியாகச் சாப்பிடுவதில்லை. இதை எப்படிச் சொல்வதென்று தெரியாமல்தான் எழும்பிப் போனார்.

"எனக்கு மருந்து வாங்கப் போய்த்தானே அவரு..." என்று தொடங்கிய அஸ்கா பேச்சை மாற்றினாள். புது விலாசத்தைப் பார்மசியில் குடுத்து வைப்போம், அவர் வந்தால் அவர்கள் சொல்வார்கள் என்றாள்.

ஜெயராணி நின்றாள். திரும்பி, இரண்டு மாடிகளுக்கு நடுவில் தெரிந்த அந்த ஓட்டுக் கூரையை வெகுநேரம் பார்த்தாள். விழுந்துவிடுவாளோ என்று பயந்து அஸ்கா அவளுடைய கையைப் பிடித்தாள். அஸ்காவின் கையை ஜெயராணி தன் இரண்டு கைக்குள்ளும் பொத்திக்கொண்டாள்.

"அவரோட அடைபட்டுக் கிடந்து வெளியில வந்த ஒராள், அவர் செத்ததைக் கண்ணால கண்டதெண்டு அந்த வருஷமே எனக்குச் சொன்னவர், பிள்ளை," என்றாள். "அதை உங்கட வாப்பாவுக்குச் சொல்ல ஏலாமத்தான் வருஷா வருஷம் வந்தனான்."