ஆறேகால் கம்பெனி பஸ்

ஸ்ரீபெரும்புதூர் டீக்கடைத் தொலைக்காட்சியில் விமானிகளின் வேலைநிறுத்தச் செய்தி ஓடுகிறது. போதிய ஓய்வு இல்லாமல் பறக்கச் சொல்கிறார்கள், ஆபத்து உங்களுக்கும்தான் என்று அவர்களுடைய சங்கத் தலைவர் பயணிகளைப் பார்த்துப் பேசுகிறார். ஒரகடம் பஸ்ஸுக்கு நிற்கிற நாங்கள் முப்பது பேரும் சிரிக்கிறோம். "ஏசில உக்காந்துகிட்டு ஓய்வு கேக்காவ பாரு. நம்ம நாகப்பண்ணன் என்னைக்காவது கேட்டிருக்காரா?" என்கிறான் கோவில்பட்டி வேல்ராஜ். எங்கள் பஸ் ஓட்டுநர் நாகப்பன் பன்னை டீயில் நனைத்தபடி நிற்கிறார். "நான் இன்னாத்த கேக்கறது? முந்தாநேத்து நைட்டு ஸ்டியரிங் புட்ச்சவன். மாத்து ஆளு வரல. ட்ரிப்பு மேல ட்ரிப்பு ஓட்டிகினு கீறேன்." பன் ஊறி டம்ளருக்குள் விழுகிறது. அவர் கவனிக்கவில்லை. சிரிப்பு நின்றுவிடுகிறது. ஏழு மணிக்குள் கம்பெனி வாசலில் கார்டு தேய்க்காவிட்டால் அரை நாள் சம்பளம் போய்விடும் என்பதால் எல்லோரும் ஏறுகிறார்கள். நாகப்பனும் ஏறி ஸ்டியரிங் முன்னால் உட்காருகிறார். போன வருஷம் என் மனைவி பிரவீனா போன கம்பெனி பஸ்ஸின் ஓட்டுநரும் தூங்காதவர் என்று, காரியம் எல்லாம் முடிந்த பிறகு சொன்னார்கள். நான் பஸ்ஸின் சாவியை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறேன். "அரை மணி நேரம் தூங்குங்கண்ணே." "யோவ், சூப்பர்வைசர் கத்துவான்யா." வேல்ராஜ் ஒரு நிமிஷம் என்னையே பார்க்கிறான். "கத்தட்டும்ணே. நீங்க படுங்க." நாகப்பன் ஸ்டியரிங் மேலேயே தலை சாய்க்கிறார். அவருடைய செல்போன் கண்ணாடியோரம் அதிர்ந்து அதிர்ந்து நகர்கிறது. அது விழுவதற்குள் வேல்ராஜ் பிடித்துக்கொள்கிறான், எடுத்துப் பேசவில்லை. மற்ற கம்பெனி பஸ்கள் ஒவ்வொன்றாக எங்களைத் தாண்டிப் போகின்றன. முப்பது பேரில் ஒருவரும் இறங்கவில்லை.