ஹால் டிக்கெட்டைக் கிழியுங்கள்

“எல்லாரும் ஹால் டிக்கெட்டை வெளியே எடுங்க. இப்பவே, என் கண் முன்னாடி கிழிச்சுப் போடுங்க.”

வீரபாண்டி சார் கோட்டும் டையுமாக நின்று இப்படிச் சொன்னதும், தம்பானூர் லாட்ஜின் மாடி ஹாலில் இருந்த புத்தம்புது எஞ்சினியர்கள் திருதிருவென்று விழித்தார்கள். மறுநாள் காலையில் அவர்களுக்கு சர்க்கார் பரீட்சை. தமிழும் மலையாளமும் தெரிந்தவர்களுக்கான உதவி எஞ்சினியர் வேலை, காலியிடம் ஒன்றே ஒன்று.

முன்வரிசையில் சுஜின் தன் சட்டைப் பையை இறுகப் பொத்திக்கொண்டான். அவன் அம்மா தாசம்மாள் ஹோட்டலில் மாவாட்டி அவனைப் படிக்க வைத்தவள். மகன் சர்க்கார் எஞ்சினியர் ஆகப்போகிறான் என்று சர்ச்சில் பாதிப் பேருக்கு ஏற்கெனவே சொல்லி முடித்திருந்தாள்.

“சார், எங்க அம்மைக்கு சர்க்கார் ஜோலின்னா உயிரு. சும்மா எழுதிப் பாத்தா என்ன சார்?” என்று எழுந்து கேட்டான்.

“அங்கதான் தப்பு பண்ணுதிய. சும்மா எழுதிப் பாக்கப் போறவன் வாழ்க்கையில எல்லாத்தையும் சும்மாதான் பண்ணுவான். முப்பது வருஷம் ஒரே ஃபேனுக்கு அடியில உக்காந்து மோட்டுவளையைப் பாக்கவா எஞ்சினியரிங் படிச்சே?”

சுஜினுக்கு அந்த ஃபேன் கண் முன்னால் சுற்றியது. அது கிரீச்சிடும் சத்தம்கூடக் கேட்டது.

பின்வரிசையில் ஷிஜா கையைத் தூக்கினாள். “சார், ஃப்ரீ கிளாஸ்தானேன்னு என் கூட்டுக்காரியையும் கூட்டிட்டு வந்தேன். அவளைக் கீழேயே நிறுத்திட்டாங்க.”

“அவ நாளைக்குப் பரீட்சை எழுதறாளா?”

“இல்ல சார், அவ அப்ளை பண்ணல்லை.”

“பின்னே அவளுக்கு எதுக்கு மோளே உபதேசம்? அவ ஏற்கெனவே தப்பிச்சவ. எனக்கு உங்களை நினைச்சாத்தான் கவலை.”

ஹாலே உருகிவிட்டது. இந்தக் காலத்தில் ஃபீஸ் வாங்காமல் அடுத்தவன் பிள்ளைக்காக இப்படித் தொண்டை கிழியப் பேச யாருக்கு மனசு வரும்? சார் பேச்சிலேயே அடுத்து பெங்களூருக்குப் போனார், ஸ்டார்ட்அப்புக்குப் போனார், தைரியத்துக்கு வந்தார். கடைசியில் ரிஸ்க் எடுக்காதவன் எஞ்சினியரே இல்லை என்று மேஜையில் ஓங்கிக் குத்தினார்.

முதலில் ஷிஜா கிழித்தாள். அப்புறம் ஹால் முழுக்க சர்ர் சர்ரென்று சத்தம். சுஜினும் கிழித்தான். கிழிக்கும்போது நெஞ்சு நிமிர்ந்தது. எல்லாருக்கும் சார் செலவில் சாயாவும் பழம்பொரியும் வந்தன.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னபோது தாசம்மாள் அசையவே இல்லை.

“நீ கிழிச்சது ஜெராக்ஸுலே மக்கா. ஒரிஜினலு பைபிளுக்குள்ள இருக்கு. உன் கையில ஒரிஜினலைத் தர எனக்கென்ன கிறுக்கா?”

“அம்மா, நான் ரிஸ்க் எடுக்கப் போறேன்.”

“எடு, நல்லா எடு. பரீட்சை எழுதிட்டு வந்து எடு. எழுதாம வந்தியோ, நாளையிலேருந்து இந்த வீட்டுல உனக்குக் கஞ்சி கிடையாது.”

கஞ்சி விஷயத்தில் தாசம்மாள் சொன்னால் சொன்னதுதான்.

காலையில் வலியசாலைப் பக்கம் பரீட்சை நடக்கும் பள்ளிக்கூடத்து வாசலில் சுஜின் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றான். முந்தின நாள் பார்த்த முகங்களில் ஒன்றுகூட அங்கே இல்லை. அத்தனை பேரும் சிங்கங்களாகிவிட, தான் மட்டும் எலியாகிப்போனதை நினைத்து அவனுக்கு அழுகையே வந்தது.

அப்போது ஓர் ஆட்டோ வந்து நின்றது. இறங்கியவர் வீரபாண்டி சார்.

கோட்டும் டையும் இல்லை, சாதாரணச் சட்டைதான். பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு நேராக வருகிறார் போல, நெற்றியில் சந்தனம் ஈரம் காயவில்லை. மனம் மாறி வந்த கோழைகளைப் பிடிக்கத்தான் வந்திருக்கிறார் என்று சுஜின் சட்டென்று மாமரத்துக்குப் பின்னால் ஒதுங்கினான். மரம் ஒல்லி, அவன் குண்டு.

“சுஜின்தானலே நீ? இங்க என்ன பண்ணுதே?”

“சார், மன்னிக்கணும். அம்மை விடல்லை. கஞ்சி தரமாட்டேன்னு சொல்லிட்டா.”

சாரின் முகம் வாடிவிட்டது. பெற்ற பிள்ளை ஃபெயிலானதுபோல் அவனைப் பார்த்தார். பிறகு ரோட்டின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் கண்ணை ஓட்டினார்.

“வேற யாரெல்லாம் வந்திருக்கா?”

“யாருமே வரல்லை சார். உங்க பேச்சை மீறினவன் நான் ஒருத்தன்தான்.”

“நெசமாவா? அந்தப் பிள்ளை ஷிஜா?”

“அவ ராத்திரியே பெங்களூருக்கு பஸ் ஏறிட்டா சார்.”

சார் நீளமாக ஒரு மூச்சு விட்டார். வாட்டமெல்லாம் வடிந்து, முகம் மெல்லத் தெளிந்தது. சுஜினின் தோளில் கையைப் போட்டு, “சரி விடு, ஒருத்தன்தானே” என்றார்.

அந்தப் பெருந்தன்மையில் சுஜினுக்குக் கண் கலங்கிவிட்டது. என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் நின்றான்.

உள்ளே மணி அடித்தது. சார் சட்டைப் பையைத் தடவினார், பேண்ட் பையைத் தடவினார், பிறகு கையை நீட்டினார்.

“எனக்கும் ஒரு பேனா தாலே, பரீட்சைக்கு நேரமாச்சு.”