பத்திரிகையில் வந்தது

"'கோர்மக் டோலனுக்குப் பதிலாக ஒரு வேலிக்கம்பத்தை நட்டு வைத்திருந்தால் கில்மோரன் அணி தோற்றிருக்காது. கம்பத்தில் பட்டாவது பந்து திரும்பி வந்திருக்கும்.'"

டெக்லன் நிறுத்தினான். "போதுமாப்பா?"

"படி" என்றார் மலாக்கி. அவர் கை தேநீர்க் கோப்பையைத் தேடி மேசைமேல் அலைந்தது. சர்க்கரை நோய் பார்வையைப் பறித்த பிறகு அவருக்கு மிஞ்சியவை ஞாயிற்றுக்கிழமை வானொலியில் வரும் அயர்லாந்துப் பாணிக் கால்பந்து வர்ணனையும், வியாழக்கிழமை மூத்த மகன் வாசித்துக் காட்டும் வாரப் பத்திரிகையும்தான்.

"'டோலன் வீட்டு இளையவர் பந்தைக் கண்டு ஒதுங்கிய வேகத்தில் பந்தை நோக்கி ஓடியிருந்தால், அயர்லாந்துக்கே ஒரு வீரர் கிடைத்திருப்பார்.'"

"பொய்!" மேசை அதிர்ந்தது. "ரேடியோல முழு ஆட்டமும் கேட்டேன். அஞ்சு பாயிண்ட் அடிச்சது யாரு? என் பிள்ளை! ஒரே ஒரு ஃப்ரீ கிக் வெளியே போச்சு. இவனுங்க எந்த மைதானத்துல உக்காந்து பார்த்தானுங்க?"

"பெரிய ஊர் டீம்னா தலைல தூக்கி வெச்சு ஆடுவானுங்க. நம்மள மாதிரி சின்ன ஊருன்னா மிதிப்பானுங்க. புதுசாப்பா இது?"

டெக்லனும் ஒரு காலத்தில் கில்மோரன் அணிச் சட்டைக்கு ஆசைப்பட்டவன். மாற்று ஆட்டக்காரர்கள் உட்காரும் பெஞ்சை அவன் கடைசிவரை தாண்டவில்லை.

"பத்திரிகை ஆசிரியருக்குப் போன் பண்ணச் சொன்னேனே, பண்ணியா?"

"பண்ணேன். சிரிச்சான்."

"என்ன சொன்னான்? மறைக்காமச் சொல்லு."

"உங்கப்பாவுக்குக் கண்ணு போனதும் நல்லதுக்குத்தான், மகன் ஆடுற லட்சணத்தைப் பார்க்க வேண்டியதில்லையேன்னான்."

மலாக்கி கையை நீட்டிப் பத்திரிகையை வாங்கித் தடவிப் பார்த்தார். "முன்னெல்லாம் விரல்ல மை ஒட்டும். இப்போ பழந்துணி மாதிரி கிடக்கு. காகிதம்கூட மட்டமாப் போச்சு."

"எல்லாமே மட்டமாத்தான் போச்சு." டெக்லன் அதை வாங்கி மடித்து வைத்தான்.

"கோர்மக்குக்கு இதெல்லாம் தெரியுமா?"

"தெரியாது. கோச் யாரையும் பேப்பரைத் தொடவே விடறதில்லை. நீங்களும் வாயத் தொறந்துடாதீங்க. உடைஞ்சு போயிடுவான்."

அந்தக் கோடை முழுவதும் மலாக்கி வாயைத் திறக்கவில்லை. வாராவாரம் கேட்டதை எல்லாம் தனக்குள்ளேயே போட்டுப் புதைத்தார். இளையவன் விசிலடித்துக்கொண்டு வீட்டுக்குள் வரும்போதெல்லாம், 'பாவம், தெரியாமல் சிரிக்கிறான்' என்று அவர் நெஞ்சு வலித்தது.

அரையிறுதியில் கில்மோரன் ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் தோற்றது. அந்த வியாழக்கிழமை டெக்லன் தயங்கித் தயங்கித்தான் வாசித்தான். "'கோர்மக் டோலன் இந்த ஊரை விட்டுப் போவதுதான், ஊருக்கு அவர் செய்யக்கூடிய ஒரே உபகாரம். அவருடைய குடும்பமாவது தலை நிமிர்ந்து பிரார்த்தனைக்குப் போகும்.'"

மறுநாள் கோர்மக் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தான். "அப்பா! அடுத்த வருஷம் நான்தான் கேப்டன்! இப்பதான் சொன்னாங்க!"

தோற்றால் கேப்டனை அந்தப் பத்திரிகைக்காரர்கள் உயிரோடு தோலுரிப்பார்களே!

"வேணாம்னு சொல்லிடு" என்றார் மலாக்கி.

"என்னப்பா விளையாடுறீங்களா?"

"ஆஸ்திரேலியாவுல, பெர்த்துல உன் மாமா கட்டட வேலைக்குக் கூப்பிட்டாரே, போ. இனி அந்தச் சட்டையை நீ போடக் கூடாது."

"நம்ம மேல்வயல்ல வீடு கட்டிக்கோ, மைதானம் பக்கத்துலயே இருக்கும்னு நீங்கதானே..."

"இந்த ஊர்ல உனக்கு வீடு வேணாம்."

அடுப்படியில் நின்ற டெக்லன் கெட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தான்.

"நான் என்னப்பா தப்புப் பண்ணேன்? நான் ஆடுறது உங்களுக்கு அவ்வளவு கேவலமா இருக்கா?"

'இல்லடா கண்ணு' என்ற சொல் தொண்டைவரை வந்தது. சொன்னால் காரணத்தையும் சொல்ல வேண்டிவரும். மலாக்கி பல்லைக் கடித்தார். "ஆமா" என்றார்.



மாதம் முடிவதற்குள் கோர்மக் பெட்டி கட்டிவிட்டான். கிளம்பும்போது வாசலில் நின்று, "வரேம்பா" என்றான். கண்ணீரை மகன் பார்த்துவிடக் கூடாதென்று மலாக்கி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். கோர்மக் பார்த்தது அவர் முதுகைத்தான். விமான நிலையத்துக்கு டெக்லனே காரோட்டிக்கொண்டு போனான்.

கார்ச் சத்தம் தேய்ந்து மறைந்தது. காலி வீட்டில் மலாக்கி நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். இனி யாருக்காக அந்த விஷத்தைக் கேட்க வேண்டும்? சுவரைத் தடவித் தடவிப் போய்த் தொலைபேசியை எடுத்தார். ஊர்க் கடையின் எண் இன்னும் விரல்களுக்கு மறக்கவில்லை.

"நோரீன், மலாக்கி டோலன் பேசறேன்."

"அடேயப்பா! உன் குரலைக் கேட்டு எவ்வளவு காலம்! கோர்மக் கிளம்பிட்டானாமே? கடைக்கு வர்றவங்க எல்லாம் அதே பேச்சு. இனி இந்த ஊருக்கு அப்படி ஒரு ஆட்டக்காரன் எங்க கிடைப்பான்னு அழாத குறை."

மலாக்கிக்குப் புரியவில்லை. வருத்தப்படுகிறவனுக்கு ஆறுதலாக நாலு வார்த்தை சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

"நல்ல மனசு உனக்கு. ஆனா, வாராவாரம் டெக்லன் உன்கிட்ட வாங்கிட்டு வர்ற பத்திரிகை, இனிமே வேணாம். என் பிள்ளையை இந்த ஊரை விட்டே துரத்திட்டானுங்க பாவிங்க. இனி அந்தக் குப்பையை எங்க வீட்டுக்குக் கொடுத்தனுப்பாதே."



"அந்தப் பத்திரிகையை மூடி ரெண்டு வருஷம் ஆச்சே, மலாக்கி!"